சுத்தமான நுரையீரல்

"இருபது வருஷமா சிகரெட் ஊதியும் உங்க லங்ஸ் சுத்தமா இருக்கு, அங்கிள்!" மலேசியாவின் கிள்ளான் நகரக் கிளினிக்கில் டாக்டர் பிரேமினி சிரித்தார்.

மகன் நிர்மலனை ஸ்கேனுக்கு இழுத்து வந்த புனிதவதி கையெடுத்துக் கும்பிட்டாள்.

நிர்மலன் சிரிக்கவில்லை. "என் மனைவிக்கும் எடுங்க, டாக்டர். ரெண்டு மாசமா இருமுறா."

"ஆன்டி, நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?" டாக்டர் அவன் மனைவி லோஜினியிடம் திரும்பினார்.

"எங்க வீட்டு மருமகளையா கேக்குறீங்க?" புனிதவதி சீறினாள். "இவன் ஊதுற புகையிலதான் அவ இருமுறா!"

லோஜினி கணவனைக் கெஞ்சலாகப் பார்த்தாள். "தொட்டதே இல்லை, டாக்டர்."

"அப்போ ஸ்கேன் எதுக்கு லா? இருமல் மருந்து போதும்," என்றார் டாக்டர்.

நிர்மலன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

கல்யாணமான புதிதில், லோஜினியின் சேலைகளுக்கு நடுவே கிடைத்த சிகரெட் பெட்டியை அம்மா நீட்டியபோது, "நான்தாம்மா ஒளிச்சு வெச்சேன்" என்று சொன்னவன் அவன். இன்றுவரை ஒன்றைக்கூடப் பற்றவைத்ததில்லை.