பத்தாம் நாள் திறந்த கதவு

கண்டெய்னரில் ஏறும்போதே ஊதுபத்திப் பெட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் கருவாட்டுப் பெட்டி. தனிக் கண்டெய்னர் எடுக்கும் அளவுக்குச் சரக்கு இல்லையென்று முதலாளி ஊதுபத்தியைப் பத்துப் பேர் சரக்கோடு அடைத்துவிட்டார்.

கப்பல் அக்கரை சேர்ந்தும் கதவு திறக்கவில்லை. உள்ளே யாரோ ஒருவருடைய காகிதத்தில் குறையாம்; அது யாரென்று தெரியும்வரை எல்லோரும் கிடக்க வேண்டியதுதான்.

ஒன்பது நாள் ஊதுபத்தி பொருமித் தீர்த்தது.

"யாருன்னு எனக்குத் தெரியாதா? இந்த நாத்தத்துக்கு எவன் முத்திரை குத்துவான்? இனிமே தனிக் கண்டெய்னர்தான். கண்டதுகளோட மாரடிக்க என்னால ஆகாது."

கருவாடு தன் பாட்டுக்குக் கிடந்தது.

பத்தாம் நாள் கதவைத் திறந்த அதிகாரி காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஊதுபத்தி ஒரு பெட்டி. மூங்கில் குச்சிக்குப் பூச்சிமருந்து அடிச்ச சான்று இல்ல. இத நிறுத்திட்டு மத்ததை அனுப்புங்க."

ஊதுபத்தி மற்ற பெட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு, "இதுக்குத்தான் சொன்னேன். தனியா வந்திருந்தா இது உங்களுக்கெல்லாம் தெரிஞ்சே இருக்காது" என்றது.

கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் அது சொன்னது:

"அடுத்த தடவை தனியாவே வா தாயி. எங்களுக்கும் ஒன்பது நாள் மிச்சம்."