வேடிக்கையின் அரியர்

கேள்வித்தாளை வாங்கியதும் வேடிக்கை மேலே பார்த்தான். மின்விசிறியில் ஒரு இறக்கை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது.

அதை எப்போது மாற்றியிருப்பார்கள் என்று யோசித்தான். மற்ற இரண்டுக்கும் அதில் மனவருத்தம் இருக்குமோ என்றும் யோசித்தான்.

விடுதியில் அவனுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

இந்த முறையும் ஊற்றிக்கொண்டால் படிப்பே அம்போ என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். அது ஞாபகம் வந்ததும் அவசரமாகப் பேனாவைத் திறந்தான். மூடியில் பல் தடம். தன் பல்தானா என்று வைத்துப் பார்த்தான்.

சுற்றிலும் அவன் விடுதிக் கூட்டம் பேய் பிடித்ததுபோல் எழுதிக்கொண்டிருந்தது.

வகுப்பில் உட்கார்ந்த உடனே குறட்டை விடுகிற தூங்குமூஞ்சி, கண்ணைக்கூட இமைக்கவில்லை. முன் பெஞ்சில் மொட்டை, கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கினான். வாங்கினான். மறுபடியும் தூக்கினான். கண்காணிப்பாளர் கடுப்பாகி ஒரு தாள்கட்டையே அவன் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எட்டிப் பார்த்தால் மொட்டை இன்னும் முதல் கேள்வியைத் தாண்டவில்லை. ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டு, அந்த அடிக்கோட்டுக்கும் ஒரு அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

இருந்தாலும் வேடிக்கைக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு வரியாவது எழுதித் தொலைடா என்று தன்னையே கெஞ்சினான். பேனா தாளில் பட்ட நேரம் பார்த்து ஜன்னலில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. அத்தோடு போயிற்று.

மணி அடித்தபோது அவன் தாளில் பதிவு எண் இருந்தது. புறாவும் இருந்தது. புறா நன்றாகவே வந்திருந்தது.

வெளியே தண்ணீர்க் குழாயில் தள்ளுமுள்ளு. எல்லோருக்கும் நாக்கு வறண்டு கிடந்தது. தூங்குமூஞ்சி நெஞ்சில் கையை வைத்துப் படபடப்பு அடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். மொட்டை ஓடி வந்து “மச்சான்!” என்று வேடிக்கையைக் கட்டிக்கொண்டான். நேற்றுவரை அவனை யாரும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை.

கைப்பேசி அடித்தது. அம்மா.

“காலையில மாத்திரை சாப்பிட்டியாடா கண்ணா? அது போடலேன்னா உனக்குக் கவனம் ஒரு இடத்துல நிக்காதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொல்லியிருக்காரு.”

சட்டைப் பையைத் தடவினான். அட்டை காலி. அவனுக்கென்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“எல்லாரும் சாப்பிட்டோம்மா” என்றான்.