ஃபாங் கேட்ட கேள்விகள்

"அக்கா, இது என்ன?"

"முட்டைய்யா! கோழி போட்ட முட்டை! நேத்தும் முட்டைதான், இன்னிக்கும் முட்டைதான்!"

"என்ன நிறம்?"

"மஞ்சள்! உன் பல்லு மாதிரி!"

கடையே சிரித்தது. ஷூ-லான் மட்டும் சிரிக்கவில்லை. ஹுவாலியன் ரயில் நிலையத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து அவளுக்குக் காலைச் சாப்பாடு இங்கேதான். யுவே-ஷியா அக்கா சுடும் வெங்காயத்தாள் ரொட்டிக்கு ஈடு கிடையாது. ஆனால் இந்த ஃபாங் என்கிற ஆளைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, தங்க ஃப்ரேம் கண்ணாடி. பார்த்தால் படித்த மனிதர், வாயைத் திறந்தால் பால்வாடிக் குழந்தை.

வெளியே ஜல்லி லாரி போகும். கோப்பைகள் கிணுகிணுக்கும். உடனே ஃபாங் எழுந்துவிடுவார்.

"அக்கா, நாம எந்த ஊர்ல இருக்கோம்?"

அக்காவின் சட்டுவம் அந்தரத்தில் நிற்கும். கல்லில் ரொட்டி தீயும். அப்புறம் வெடிப்பாள்.

"சந்திரமண்டலத்துல! ஹுவாலியன்யா, ஹுவாலியன்! செவ்வாக்கிழமை! காலை நேரம்! உக்காந்து தின்னு!"

கொடுமை என்னவென்றால், இந்த வியாதி மற்றவர்களுக்கும் தொற்றியிருந்தது. டாக்சி ஓட்டும் பெரியவர் சோயாப்பாலில் விரலை விட்டுக்கொண்டே, "இது சூடா, ஜில்லா?" என்பார். தையல்கடைக்காரி செருப்பைக் கழற்றிக் காட்டி, "இது எந்தக் காலுக்கு?" என்பாள். எல்லோருக்கும் அக்காவிடமிருந்து திட்டு விழும். வாங்கிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

ஒருநாள் ஷூ-லான் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"அந்த ஆளை ஏங்க்கா உள்ள விடறீங்க?"

"பாவம்டி. போன பெரிய நிலநடுக்கத்துல மிரண்டுபோன மனுஷன். லாரி போனாப் போதும், அன்னிக்கு நடந்ததெல்லாம் கண்ணு முன்னாடி வந்துருது. நாலு திட்டு திட்டினா இந்த உலகத்துக்கு வந்துருவாரு."

அடுத்த வாரம் தரை நிஜமாகவே ஆடியது.

விளக்கு அணைந்தது. அலமாரியிலிருந்து கோப்பைகள் சரிந்து விழுந்தன. எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள். ஷூ-லான் திரும்பிப் பார்த்தாள். அக்காவைக் காணோம், ஃபாங்கையும் காணோம். வாசலுக்கு மேலே பெயர்ப்பலகை ஒற்றை ஆணியில் ஊசலாடிக்கொண்டிருந்தது. உள்ளே, மேஜைக்கு அடியில் ஃபாங் நாலு காலில் தவழும் நிலையில் இருந்தார். பக்கத்தில் அக்கா குந்தியிருந்தாள்.

"அக்கா... என் சட்டை என்ன கலர்?"

"நீலம்."

"இது?"

"மேஜைக் காலு."

"மேஜைக்கு... எத்தனை காலு?"

"உன்னையும் சேத்தா எட்டு!"

"வெளிய வாங்க, பலகை விழப்போகுது!" என்று தெருவே கத்தியது. அந்த இருவரும் கேள்வி பதிலை முடித்துக்கொண்டு, தலையெல்லாம் மாவாக, கையைப் பிடித்தபடி வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பலகை தொபீரென்று விழுந்தது.

ஷூ-லானுக்கு ஆத்திரம் பொங்கியது. ஃபாங்கைத் தனியாக இழுத்துப் போனாள்.

"உங்களால அக்கா செத்திருப்பாங்க சார்! முதல்ல ஒரு நல்ல மனநல டாக்டரைப் போய்ப் பாருங்க!"

ஃபாங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தாம்மா மனநல டாக்டர்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் தலையை அசைத்தார்.

"அந்த நிலநடுக்கத்துல ஒரு அடுக்குமாடி இடிஞ்சப்போ அக்கா ராத்திரி முழுக்க அதுக்கு அடியில கிடந்தாங்க. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, 'எனக்கென்ன பைத்தியமா?'ன்னு சட்டுவத்தைத் தூக்கறாங்க. அந்த ராத்திரி மறுபடி கண்ணு முன்னாடி வந்து நிக்கிறப்போ, எதிர்ல இருக்கிறதைப் பேர் சொல்ல வெச்சா மனசு இங்க வந்து சேந்துரும். அதான் தெருவையே முட்டாளா நடிக்கச் சொன்னேன். தயவுசெஞ்சு அவங்ககிட்ட மூச்சு விட்றாதே."

ஷூ-லானுக்கு வெட்கமாகிவிட்டது. உள்ளே போய், உடைந்த கோப்பைகளைக் கூட்டும் அக்காவுக்கு முறம் பிடித்தாள்.

"டாக்டர்னு சொல்லிட்டாரா?" என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

"அக்கா! உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? லாரிச் சத்தம் எனக்குப் பழகி எத்தனையோ மாசமாச்சு." அக்கா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு ராத்திரி இடிபாட்டுக்குள்ள, சுவத்துக்கு அந்தப் பக்கம் விடிய விடிய அலறினது யாருன்னு நினைக்கிறே? நான் குணமாயிட்டேன்னு தெரிஞ்சா, அந்த மனுஷன் வைத்தியத்துக்கு வர்றதையே நிறுத்திருவாருடி!"