உடைக்கக் கூடாத டப்பா

"இந்த டப்பாவை உடைச்சு, உள்ள இருக்கற காசை எடுத்துக் குடுங்க."

அந்த அம்மாள் கேட்டதும், பழைய நாணயங்களுக்குத் தரம் போடும் மதிப்பீட்டாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போன வாரம்தானேம்மா எழுபதுக்கு அறுபத்தாறு மார்க் போட்டு, சீல் வச்சுக் குடுத்தேன்! அந்த வருஷத்துக் காசு கிடைக்கறதே குதிரைக்கொம்பு. டப்பாவை உடைச்சா மார்க் செல்லாது."

"தெரியும்."

"விரல் பட்டா ரேகை படிஞ்சிடும். பாதி விலைகூடத் தேறாது."

"விரல் படணும்னுதான் கேக்கறேன்."

இந்த அம்மாளுக்கு என்ன கிறுக்கா என்று அவருக்கு எரிச்சல் வந்தது.

"காசு உங்க வீட்டுக்காரரோடது. இருபத்தெட்டு வருஷம் தேடினதா விண்ணப்பத்துல எழுதியிருக்கு. அவருக்குத் தெரியாம உடைச்சா என்னைச் சும்மா விடுவாரா?"

"வெளியே பெஞ்சுலதான் உக்காந்திருக்கார். கூட்டிட்டு வரேன்."

கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அவருடைய மறு கையில் வெள்ளைக் கோல் இருந்தது.

"காசு கிடைக்கறதுக்குள்ள பார்வை போயிடுச்சு. தினமும் டப்பாவைத் தடவிப் பாத்துட்டு, வெறும் பிளாஸ்டிக்தான் தெரியுதுன்னு வச்சுடறார்."

மதிப்பீட்டாளர் குறடு ஒன்றை எடுத்தார். டப்பா பிளந்தது.

பெரியவரின் கட்டைவிரல் காசின் மேல் மெல்ல ஊர்ந்து, வருடத்தின் கடைசி எண்ணில் நின்றது.

"ஏழு! ஏழேதான்டி!" முகமெல்லாம் சிரிப்பு.

இருபது வருடங்களாக ஒரு காசைக்கூட வெறுங்கையால் தொடாத மதிப்பீட்டாளர், தன் கையுறையைக் கழற்றினார்.

"சார்... நானும் ஒரு தடவை தொட்டுப் பாக்கட்டுமா?"