நீலக் கதவடி

றோட்டில் நின்ற மனுசன் கமராவை முகத்துக்கு உயர்த்தினதுமே ஸுல்பிகா கச்சான் கடலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டாள். நாலெட்டு நகர்ந்து திரும்பிப் பார்த்தாள். கமரா இன்னும் அவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. கதவை இன்னும் மறைக்கிறேனோ என்று மேலும் இரண்டெட்டு போனாள். 'டிக்' என்று சின்னச் சத்தம் கேட்டது.

இந்த மனுசனோடு எட்டுச் சனிக்கிழமையாக இதே கதைதான். புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் பழைய உப்புக் களஞ்சியத்தின் நீலக் கதவடிதான் ஸுல்பிகா கச்சான் விற்கும் இடம். பாதி நிறம் போன அந்தக் கதவில் வெளியூர்க்காரருக்கு என்ன ஆசையோ, நின்று நின்று படம் பிடிப்பார்கள். "கொஞ்சம் தள்ளுங்க" என்று கையைக் காட்டுவார்கள். அவளும் தள்ளுவாள்.

தள்ளுவது அவளுக்குப் புதிசா என்ன? தொண்ணூறில் வடக்கில் முஸ்லிம்களைத் துரத்தினபோது சொந்த ஊரான எருக்கலம்பிட்டியில் இருந்து எழுப்பினார்கள். பிறகு அகதி முகாமில் இருந்து, பிறகு பள்ளிவாசல் முன்னால் இருந்து, போன வருசம் பஸ் நிலையத்து வாசலில் இருந்து. யாராவது வாய் திறந்து சொல்லுமுன்னே எழும்பிவிட்டால் மரியாதையாவது மிஞ்சும் என்று பழகிக்கொண்டாள்.

இந்தக் கதவடியும் போனால் வேறு போக்கிடம் இல்லை. கரைத்தீவில் ஒற்றை அறை வீடு. புருசன் மௌத்தாகிப் பதினொரு வருசம். சண்டை முடிந்ததும் தங்கச்சிமார் இரண்டு பேரும் பிள்ளைகுட்டிகளோடு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்; இவளுடைய வீட்டு வளவில் மட்டும் இன்னும் காடு நிற்கிறது.

பகலில் நாலு மனிதரைக் காண்பது இங்கேதான். அவர்களும் கச்சான் கடதாசிச் சுருளைப் பார்க்கிறார்களே தவிர, கொடுக்கிறவளின் முகத்தைப் பார்ப்பதில்லை. பரவாயில்லை, ஆள் நடமாட்டமாவது இருக்கிறதே. அதுவும் இல்லையென்றால் அவள் சுவரோடா கதைப்பாள்?

அன்று பின்னேரம் ஓட்டோக்காரன் நிஸார் கச்சான் வாங்க வந்தபோது மெல்லக் கேட்டாள்.

"அந்தக் கமராக்காரர் நகரசபைக் கந்தோர் ஆளோ?"

"என்னத்துக்குக் கேக்குறீங்க ராத்தா?"

"முதல்ல வந்து படம் எடுப்பாங்க. பிறகு எழும்பச் சொல்லுவாங்க. முந்தின இடத்திலயும் அப்படித்தானே."

நிஸார் சிரித்தான். "கந்தோரும் இல்ல, ஒண்டும் இல்ல. கில்பட் எண்டு பேர், கற்பிட்டிப் பக்கம் வாத்தியார். றோட்டில காணுறதப் படம் எடுக்கிறதுதான் அந்த மனுசனுக்கு விசர். நானும் அந்தக் கமராவ வாங்கிப் பார்த்தன். கைக்குள்ள அடங்குது, விலையக் கேட்டா தல சுத்துது. ஆனா ஒரு குறை."

"என்ன குறை?"

"தூரத்தில உள்ளத அது கிட்ட இழுத்துக் காட்டாதாம். எதப் படம் எடுக்கோணுமோ, அதுக்குக் கிட்ட நடந்துதான் போகோணுமாம்."

ஸுல்பிகா கணக்குப் பார்த்தாள். முதல் சனிக்கிழமை அந்த மனுசன் றோட்டுக்கு அந்தப் பக்கம், பாண் கடை வாசலில் நின்றார். பிறகு லைட் கம்பத்தடி. இன்றைக்குக் கழிவுநீர்க் கானுக்கு மேலே போட்ட கல்லில் நின்றார். ஒவ்வொரு கிழமையும் கதவுக்குக் கிட்டக் கிட்ட வருகிறார்.

களஞ்சியத்தை யாரோ வாங்கப் போகிறார்கள், அதுதான். வாத்தியார் என்று சொல்லிக்கொண்டும் ஆள் அனுப்புவார்கள், யார் கண்டது? அந்தக் கிழமை முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் கானையும் தாண்டிவிட்டார். எட்டிப் பிடிக்கிற தூரம். இன்றைக்கு நேருக்கு நேர் கேட்டே விடுவது என்று வீட்டில் இருந்து சொல்லிச் சொல்லி வந்தவள்தான். கமராவைக் கண்டதும் கால் தன்பாட்டில் எழும்பிவிட்டது.

எழும்பின அவசரத்தில் தட்டுச் சரிந்து, சுருள்கள் நிலத்தில் கொட்டுண்டன. அவள் குனிந்து பொறுக்கினாள்.

"இருங்க, இந்தா தள்ளிக்கொள்றன். கதவு படத்தில வடிவா விழும்" என்றாள்.

அவர் கமராவை இறக்கினார். முகம் வாடிப்போயிருந்தது. குந்தி இருந்து அவரும் சுருள்களைப் பொறுக்கினார்.

அவர் தன்னோடு நிலத்தில் குந்தினதுதான் ஸுல்பிகாவைப் போட்டு உடைத்தது. இருபது வருசத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாததை அவள் அன்று சொன்னாள்.

"இந்த இடமும் வேணுமெண்டா நேர சொல்லிடுங்க, சேர். நாளைக்கே போயிடுறன். ஆளக் கூட்டி வந்து சத்தம் போடத் தேவையில்ல. எழும்பி எழும்பி எனக்கும் களைச்சுப் போச்சு."

கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

கில்பட் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். சுருளைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. பொறுக்கின கச்சானைத் தட்டில் வைத்தார். அவள் இருக்கிற பலகையை எடுத்துத் தூசு தட்டி, நீலக் கதவடியில் பழைய இடத்திலேயே போட்டார்.

"கதவு ஆருக்கு வேணும் அக்கா? எட்டுப் படத்திலயும் நீங்க எழும்பிப் போறீங்க. இண்டைக்காவது இருங்களன்."