மிக்ஸி யாருக்கு?

“ஏனம்மிணி, மிக்ஸி உன்ர ஊட்டுக்கே போகுதாட்ட இருக்குது?”

எடப்பாடி விசைத்தறி முதலாளி அர்த்தநாரி, அந்த மாதம் அதிகச் சேலை நெய்தவருக்கு மிக்ஸி பரிசு கொடுப்பதற்கான பட்டியலை, கணக்கெழுதும் ரஞ்சிதாவின் மேசையில் எறிந்தார். முதலிடத்தில் அவளுடைய கணவன் இளஞ்செழியன்.

“அவன் தறிக்கு வந்தே ரெண்டு நாள்தான் ஆச்சு. ஆட்டையாம்பட்டி குஞ்சம்மா நூத்திருபது சேலை நெய்ஞ்சும் கடைசியில கெடக்குது. பட்டியல் போட்டது நீ. நான் நம்போணுமா?”

ரஞ்சிதா கணினியைத் திறந்து பார்த்தாள்.

“இந்த மாசந்தானுங்க முதல்முறையா ரெண்டு ஊர்த் தறிக்கூடத்துப் பட்டியலையும் ஒண்ணாச் சேர்த்தேன். ஆட்டையாம்பட்டிப் பட்டியல்ல எல்லாமே வெறும் எண்ணுதானுங்க. நம்ம பட்டியல்ல ஒரே ஒரு இடத்துல மட்டும் எழுத்து இருக்குது. அதனால கம்ப்யூட்டர் மொத்தத்தையும் எழுத்தா எடுத்துக்கிச்சுங்க. முதல் எழுத்தைப் பார்த்துத்தான் வரிசை போட்டிருக்குது. ஒம்பதுல தொடங்கற தொண்ணூறு மேல, ஒண்ணுல தொடங்கற நூத்திருபது கீழ. எல்லாத்துக்கும் மேல அந்த எழுத்து.”

“கதை உடாத! எண்ணு போடற இடத்துல எழுத்துப் போட்டவன் எவன்? அவனும் உங்கூடக் கூட்டா? சொல்லு, ரெண்டு பேரையும் இன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பறேன்.”

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“நேத்து எங்க ஊட்டுக்காரரு முதல் சேலையை முடிச்சப்ப, ‘எங்கையால பதியறேன்’னு நீங்கதானுங்க வந்து டைப் பண்ணுனீங்க.”

இளஞ்செழியன் பெயருக்கு நேரே ‘லாபம்’ என்று இருந்தது.

“ஒண்ணுன்னு மாத்திரட்டுங்களா?”

அர்த்தநாரி பதறிப் போனார்.

“முதல் சேலைக்குப் போய் ஒண்ணுன்னு எழுதுவாங்களா? நெல்லு அளக்கறப்பக்கூட ‘லாபம், ரெண்டு’ன்னுதான எண்ணுவோம். உடு அம்மிணி, மிக்ஸி ரெண்டா வாங்கிக்கலாம்.”