கேமராவில் இன்று ஜனவரி ஒன்று

நாளைக் காலை குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் புறப்பட வேண்டும். அதற்குள் புதுக் கேமராவைப் பழகிக்கொள்ளச் சொல்லி மருமகள் ஃபெமினா என்னைச் சன்னலோரம் உட்கார வைத்திருக்கிறாள். திரையில் வைகாசி வெயில் பளபளக்கிறது. அதன் மூலையில் சின்ன மஞ்சள் எழுத்தில் 2018 ஜனவரி 1, பகல் 12.07 என்றிருக்கிறது. பெட்டியைப் பிரிக்கும்போதே கேமராவில் அந்தத் தேதிதான் இருந்தது. அந்தத் தேதியில் என் மனைவி ஞானசெல்வி உயிரோடு இருக்கிறாள். புத்தாண்டுப் பூசை முடிந்து வந்து, பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் கறி வதக்குகிறாள். அவள் சாவுக்கு இன்னும் நாற்பத்தொரு நாள் இருக்கிறது. ஆளில்லாத அடுப்படியின் பக்கம் கேமராவைத் திருப்புகிறேன். சீரகம் வறுபடும் வாசனை வருகிறது. நான் பொய் சொல்கிற ஆளில்லை. அதை எங்கள் ஊர் ஆவூரில் யாரிடமும் விசாரிக்க வேண்டாம்.

"தேதி தப்பா இருக்கு மாமா. இங்கிட்டு குடுங்க, மாத்தித் தாரேன்."

"வேணாம்த்தா. மாத்துனா ஒங்க அத்தை வர முடியாது. அவ மலையே பாத்ததில்ல."

கேமராவை வாங்கிக்கொண்ட ஃபெமினாவின் கட்டைவிரல் ஓகே பொத்தானின் மேல் நிற்கிறது. அடுப்படியில் ஒரு மூடி தானாக விழுந்து, சுழன்று, அடங்குகிறது. அவளுக்கும் அது கேட்கிறது. மெல்ல விரலை எடுத்துவிட்டு கேமராவை என்னிடமே தருகிறாள். துணி அடுக்கப் போகிறவள் வாசற்படியில் நின்று, என்னைச் சீண்டுகிற குரலை வரவழைத்துக்கொள்கிறாள்.

"அப்ப அத்தைக்கும் ஒரு சுவெட்டர் எடுத்து வைக்கவா?"

"அவளுக்குக் குளிரே ஆகாது" என்கிறேன். "ரெண்டா எடுத்து வையி."